கிணற்றுக்குள் நல்லவரான முத்தையா

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தீயணைப்புத் துறைத் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் வீட்டில் விசாரித்தால் சொல்வார்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாறி மாறி வேலை பார்த்து, முன்னணித் தீயணைப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது காலையில் நடைப்பயிற்சி, மாலையில் பக்கத்து வீட்டுக்காரரோடு தண்ணீர்க் குழாய் பற்றிய வாக்குவாதம். மற்றபடி நேரம் கிடக்கிறது.

நெருப்பைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பயிற்சியிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது காற்றைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், காற்று இல்லாமல் போனால் மனுசனுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு நிலைய அலுவலர் இருந்தார். பெயர் வேண்டாம். குட்டையான ஆள், பெரிய மீசை, ஆனால் குரல் மட்டும் சன்னமாக இருக்கும். அவர் சொல்வார்: “தீ சுடும்னு தெரியும், தள்ளி நிப்ப. தண்ணி முக்கிரும்னு தெரியும், பயந்துக்கிடுவ. இந்தக் காத்தில்லாத எடம் இருக்கே, அது உன் தோள்ல கையப் போட்டுக் கூட்டிட்டுப் போகும்லே. நீயும் சிரிச்சுக்கிட்டே போவ.”

இன்னொன்றும் சொல்வார். “கெணத்துக்குள்ள கெடக்கவன்ட்ட எப்படி இருக்கன்னு கேக்காத. நல்லாருக்கேன்னுதான் சொல்லுவான். மேல நிக்காள்ல அவன் பொண்டாட்டி, அவட்ட கேளு.” அவர் தன் வீட்டம்மாவைக் கேட்காமல் ஒரு சட்டை கூட எடுக்கமாட்டார். அதனால்தான் ஊரையும் அப்படியே நடக்கச் சொல்கிறார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

விஷயம் இதுதான். நம் உடம்பு பல காரியங்களில் கெட்டி. ஒரு மிளகு தொண்டையில் மாட்டினால் ஊரைக் கூட்டிவிடும். ஆனால் ஆக்ஸிஜன் குறைவதைக் கண்டுபிடிப்பதில் மகா மந்தம். மூச்சை அடக்கிப் பாருங்கள், நெஞ்சு முட்டும். அது ஆக்ஸிஜன் குறைந்ததற்கான கூப்பாடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது உள்ளே கரியமில வாயு சேர்ந்ததற்கான கூப்பாடு. ஆக்ஸிஜன் மட்டும் சத்தமில்லாமல் குறைந்தால் உடம்பு பெரிதாக ஒன்றும் சொல்லாது. அதற்குள் மூளை மயங்கத் தொடங்கிவிடும். மூளை எடையில் சின்னதுதான். ஆனால் நாம் இழுக்கிற ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்கிறது. அந்தச் சாப்பாடு குறைந்தால் முதலில் சுருண்டு விழுவதும் அதுதான். அதிலும் முதலில் போவது எது தெரியுமா? எது சரி, எது தப்பு, எது ஆபத்து என்று யோசிக்கிற பகுதி. ஆபத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவனே முதலில் தூங்கிவிட்டால், நமக்கு ஆபத்து என்று யார் வந்து சொல்வது?

கொரோனா சமயத்தில் உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருந்தவருக்கு விரலில் ஆக்ஸிஜன் அளக்கிற கருவியை மாட்டினோம். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது, எண்பதுக்குக் கீழே காட்டியது. மனிதர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “மிஷினு சரியில்ல. எம்பொண்டாட்டிக்கு மாட்டிப் பாருங்க” என்றார். அந்த அம்மாவுக்கு மாட்டினால் தொண்ணூற்றெட்டு. “பாத்தியளா! ஒரே வீடு, ஒரே காத்து. எப்படி வேற வேற காட்டும்?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். பேசிப் பேசியே வண்டியில் ஏற்றினோம். பிழைத்து வந்துவிட்டார். அந்தக் கருவி பழுது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி முத்தையா கதைக்கு வருகிறேன்.

பங்குனி மாத வெயில். மதியச் சாப்பாடு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்தில் எல்லோருக்கும் கண் சொருகுகிற நேரம். போன் அடித்தது. எடுத்தது நான். மம்சாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து ஒரு பெண் குரல்.

“சார், எங்க வீட்டுக்காரவிய கெணத்துக்குள்ள இருக்காவ. சீக்கிரம் வாங்க.”

“விழுந்துட்டாரா?”

“இல்ல சார், எறங்குனாவ.”

“அடிபட்டிருக்கா? மயக்கமா?”

“இல்ல சார். சிரிக்காவ.”

“என்னது?”

“சிரிக்காவ சார். அதான் பயமா இருக்கு.”

டிரைவரிடம் சொன்னேன். “சிரிக்கிறதுக்கெல்லாம் வண்டி எடுக்கணும்னா நம்ம ஸ்டேசனுக்கே ஒரு வண்டி வேணும்ணே” என்றான். ஆனால் எனக்கு அந்தக் குட்டை அலுவலரின் மீசை கண் முன்னால் வந்து நின்றது. பொண்டாட்டி பயப்படுகிறாள் என்றால் கிளம்ப வேண்டியதுதான். மணியை அடித்துக் கிளம்பினோம்.

போய்ச் சேர்ந்தால், கிணற்றைச் சுற்றி ஒரே கூட்டம். பொதுவாக இப்படிப்பட்ட இடத்தில் அழுகைச் சத்தம்தான் நம்மை வரவேற்கும். அங்கே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆளுக்கு ஆள் சிரிக்கிறார்கள். கிணற்றுச் சுவரில் ஒருவர் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஆனந்தக் கண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் அந்த ஊர் வார்டு மெம்பர், செல்போனைக் கிணற்றுக்குள் நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தவர்தான் போன் செய்த பேச்சியம்மாள். அவர் சொன்னதை வைத்தும், கூட்டம் குறுக்கே குறுக்கே சொன்னதை வைத்தும் நான் புரிந்துகொண்டது இவ்வளவு.

கிணற்றுக்குள் இருப்பவர் பேச்சியம்மாளின் கணவர் முத்தையா. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய தம்பி இசக்கி. இருவருக்கும் பல வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், கிணற்றை ஒட்டி வரப்பில் நிற்கும் ஒரு மாமரம். அடிமரம் அண்ணன் நிலத்தில் இருக்கிறது, காய்க்கிற கொப்பெல்லாம் தம்பி நிலத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மரம் செய்த தப்புக்கு இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருந்தது. கிணறு இருவருக்கும் பொது. ஆனால் நீ இறைத்தால் நான் இறைக்கமாட்டேன் என்று இருவரும் தனித்தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு, கிணற்றைப் பாழாக விட்டுவிட்டார்கள். கொடி படர்ந்து, இலை விழுந்து, அழுகி, உள்ளே காற்று கெட்டுப்போயிருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தக் கெட்ட காற்றை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் தயாரித்திருந்தார்கள். இருவரும் கூட்டாகச் செய்த ஒரே காரியம் அது.

கிணற்றுக்குள் பாதி ஆழத்துக்குக் கீழே ஒரு திட்டில் பழைய மோட்டார் கிடந்தது. அதுவும் பொதுச் சொத்து. தம்பி சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அதைச் சத்தமில்லாமல் மேலே எடுத்துவிடலாம் என்று முத்தையா இறங்கியிருக்கிறார். செய்தி கேட்டுத் தம்பி சந்தையிலிருந்து ஓடி வந்திருக்கிறார்.

“சும்மா எறங்கல சார்” என்றார் பேச்சியம்மாள். “பெரியவங்க சொல்லுவாகள்ல, வெளக்க எறக்கிப் பாக்கணும், அணையாம இருந்தாத்தான் எறங்கணும்னு. பாத்துட்டுத்தான் எறங்குனாவ. செத்த நேரம் தொங்கவிட்டுப் பாத்தாவ. அணையவே இல்ல.”

“எந்த விளக்கு?”

அவர் கையைக் காட்டினார். கிணற்றுச் சுவரில் சணல் கயிற்றில் கட்டி ஒரு பேட்டரி டார்ச் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தீபம் எரியக் காற்று வேண்டும். பேட்டரிக்கு என்ன வேண்டும்? அந்த டார்ச் நிலாவில் தொங்கவிட்டாலும் எரியும். முத்தையா முன்னோர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறார், கொஞ்சம் நவீனமாக. தம்பி தங்கைகளே, சிரிக்காதீர்கள். இதே காரியத்தை செல்போன் லைட்டை வைத்துச் செய்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எரிகிற விளக்கையே இறக்கினாலும் அது முழு உத்தரவாதம் இல்லை. சில கிணறுகளில் தீப்பிடிக்கிற வாயு இருக்கும். இப்போது நம்மிடம் காற்றை அளக்கிற கருவி இருக்கிறது. அதை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்காதீர்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். திட்டில் முத்தையா மோட்டார் மேல் ஒரு கையைப் போட்டு, சாய்வு நாற்காலியில் இருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“ஏலே இசக்கி!” என்று கீழேயிருந்து சத்தம். “மரத்த நீயே வச்சுக்கடா! நமக்குள்ள என்னடா? ஒரு வயித்துல பொறந்தவன்டா நீ!”

கூட்டம் ஆரவாரம் செய்தது. மேலே இசக்கி விம்மினார். மெம்பர் போனை இன்னும் உள்ளே நீட்டினார்.

“அய்யா, ஃபயர் சர்வீஸ்லேர்ந்து வந்திருக்கோம்” என்றேன். “கயிறு போடுதேன். இடுப்புல கட்டிக்கிடுங்க.”

“ஃபயர் சர்வீஸா? ஏம்பா வெயில்ல நிக்கிய? வாங்க, எல்லாரும் உள்ள வாங்க! என்னமா குளுகுளுன்னு இருக்கு தெரியுமா!”

என்னோடு வந்த புதியவன் ஒருவன் என் காதருகே சொன்னான்: “அண்ணே, நல்லாத்தான் பேசுதாரு. மெதுவா அவரே ஏறி வந்துருவாரு போலயே.”

கயிற்றைப் போட்டோம். “கட்டியாச்சா?” என்று கேட்டேன். “கட்டியாச்சு கட்டியாச்சு, இழுங்க!” என்று உற்சாகமாகக் குரல் வந்தது. நாலு பேர் கால் ஊன்றி இழுத்தோம். இழுத்த வேகத்தில் பின்னால் மல்லாந்து விழாத குறை. கயிற்று நுனியில் வந்தது முத்தையாவின் துண்டு. கோணல்மாணலாக ஒரு முடிச்சு. கீழே எட்டிப் பார்த்தால் அவர் திட்டிலேயே உட்கார்ந்து, மேலே போன துண்டுக்குக் கையாட்டி வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு நின்றது அப்போதுதான். புத்திக்கு அடுத்தபடியாகப் போவது கை. முடிச்சுப் போடுவது, பொத்தான் மாட்டுவது, இதெல்லாம் குழறும். அப்புறம் கால். அப்புறம் பேச்சு. அவர் மூச்சு இரைக்கிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. ஆனால் அது தன் மூச்சு என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

“சார், செத்த நேரம் பொறுங்க” என்று மெம்பர் என் கையைப் பிடித்தார். “மரத்தக் குடுத்தாச்சு. இன்னும் வரப்பு பாக்கி இருக்கு. அதையும் சொல்லிட்டாருன்னா ஊருக்கே நிம்மதி. இத்தன வருசப் பஞ்சாயத்து சார். சாமியா பாத்து மனசத் தெறந்திருக்கு.”

நான் அவரைப் பார்க்கவில்லை, பேச்சியம்மாளைப் பார்த்தேன். “அம்மா, உங்க வீட்டுக்காரரு எப்பமும் இப்படித்தான் பேசுவாரா?”

அந்த அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கீழேயிருந்து முத்தையா கூப்பிட்டார்.

“பேச்சி! ஏ பேச்சி! காலைல ஒரு புளிக்கொழம்பு வச்சிருந்தியே. என்னா ருசி! உங்கைக்குத் தங்கக் காப்பு போடணும்!”

பேச்சியம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. “சார்! கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல ஒருநா கூட என் கொழம்ப நல்லாருக்குன்னு சொன்னதில்ல சார்! பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல, ஏட்டின்னுதான் கூப்பிடுவாவ. எங்க வீட்டுக்காரவிய போய்ட்டாவ சார்! அவியளத் தூக்குங்க! ஐயோ, தூக்குங்க!”

எனக்கு அதற்கு மேல் எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. முத்தையாவின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்தப் புளிக்குழம்பு சொல்லிவிட்டது. இனிமேல் நேரம் நிமிசக் கணக்கில்தான். மூளைக்குச் சுத்தமாக ஆக்ஸிஜன் நின்றுவிட்டால் நாலைந்து நிமிசத்தில் அது சாகத் தொடங்கும். செத்த பகுதி திரும்ப வராது. ஆளை உயிரோடு எடுத்தாலும் பேச்சியம்மாளுக்கு அவருடைய முத்தையா கிடைக்காமல் போகலாம்.

மூச்சுக்கருவியை எடுத்து மாட்டத் தொடங்கினேன். கூட்டத்திடம், “வேடிக்கை பாக்காம ஆளுக்கொரு கொப்ப வெட்டிக் கயித்துல கட்டி, கெணத்துக்குள்ள விட்டு விட்டு எடுங்க. உள்ள காத்து கொஞ்சமாச்சும் கலங்கட்டும்” என்றேன். இது நம் பக்கத்து வழக்கம். அதை மட்டும் நம்பி இறங்கிவிடாதீர்கள். ஆனால் கருவியைத் தயார் செய்கிற நேரத்தில் அது நல்லதுதான், கூட்டத்துக்கும் கை வேலை கிடைக்கும். கூட்டம் சுற்றிலும் பார்த்தது. பக்கத்தில் நின்றது ஒரே ஒரு மரம், அந்த மாமரம். ஒருவரும் அசையவில்லை. ஆள் உள்ளே சாகக் கிடக்கிறார், ஆனாலும் முத்தையா மரத்தில் கை வைக்க ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை! கடைசியில் இசக்கிதான் அரிவாளை வாங்கி, காயும் பிஞ்சுமாக நின்ற ஒரு பெரிய கொப்பை வெட்டிக் கொண்டுவந்தார். மெம்பர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் ஏற்றி இறக்கினார்.

அப்போதுதான் கீழே சத்தம் நின்றது.

“அண்ணே!” என்று இசக்கி கூப்பிட்டார். பதில் இல்லை. “யோசிக்காரு போல” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். இசக்கி மறுபடியும் கூப்பிட்டார். பிறகு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிணற்றுச் சுவரில் ஏறி ஒரு காலை உள்ளே போட்டுவிட்டார்.

பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். “விடுங்க சார்! எங்கண்ணன் சார்! விடுங்க!” என்று திமிறினார். எனக்கு அப்போது பயமாக இருந்தது. நான் பார்த்த கிணற்றுச் சாவுகளில் பாதிக்கு மேல் முதலில் இறங்கியவருடையது இல்லை. அவரைக் காப்பாற்ற இறங்கியவர்களுடையது. அண்ணனுக்காகத் தம்பி, தம்பிக்காக மைத்துனன் என்று ஒருவர் பின்னால் ஒருவராக இறங்குவார்கள். கீழே திட்டுக்குப் போகுமுன் கை கால் கேட்காது. பிடி நழுவிவிடும்.

இப்படிப்பட்டவரிடம் “இறங்காதே” என்று சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் காதில் விழாது. நான் என் இடுப்பில் கட்டியிருந்த சிறு கயிற்றின் மறுமுனையை அவர் கையில் திணித்தேன். “நான்தான் உள்ள போறேன். நான் இதை ரெண்டு தடவ இழுத்தா மேல தூக்கச் சொல்லணும். இத நீங்க விட்டா நானும் செத்தேன், உங்கண்ணனும் செத்தாரு. பிடிப்பீங்களா?” என்றேன். அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவரிலிருந்து காலை எடுத்துவிட்டு அதை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிக்கொண்டார். பதறுகிற சொந்தக்காரர் கையில் ஒரு கயிற்றைக் கொடுங்கள். நான் உங்களுக்குச் சொல்கிற உருப்படியான யோசனைகளில் இது ஒன்று.

முகமூடி முகத்தில் சரியாகப் படிந்திருக்கிறதா, காற்று வருகிறதா என்று சோதித்தேன். சுற்றிலும் “சீக்கிரம் சார், சீக்கிரம் சார்” என்று கூச்சல். பேச்சியம்மாள் என் காலைப் பிடிக்க வந்துவிட்டார். அப்படியே இறங்கிவிடலாம் என்று எனக்கும்தான் தோன்றியது. அந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு இறங்கினால் நானும் திட்டில் உட்கார்ந்து ஊருக்கு எதையாவது எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். முழுச் சோதனையையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அவ்வளவு நேரமும் என் மீது ஒரு ஊரே கோபமாக இருந்தது.

திட்டில் முத்தையா மோட்டாரைக் கட்டிப்பிடித்துத் தலை சாய்த்துக் கிடந்தார். உதடு நீலம், நகம் நீலம். முகத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. மூச்சு லேசாக ஓடிக்கொண்டிருந்தது. தூக்குகிற கயிற்றோடு இணைந்த வாரை அவர் மார்பிலும் தொடையிலும் மாட்டினேன். மோட்டாரிலிருந்து கையைப் பிரித்து எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அரை மயக்கத்திலும் பிடியைத் தளர்த்தவில்லை மனிதர். சிறு கயிற்றை இரண்டு தடவை இழுத்தேன். மேலே இசக்கி போட்ட கூப்பாடு முகமூடிக்குள் இருந்த எனக்கே கேட்டது.

மேலே கொண்டுவந்து மாமரத்தடியில் கிடத்தினார்கள். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருந்தது. முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பேச்சியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். இசக்கி கயிற்றை இன்னும் கையிலிருந்து அவிழ்க்கவில்லை. நான் குனிந்து முத்தையாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் மெதுவாகக் கரைந்து சிவப்பு ஏறியது.

முத்தையா கண்ணைத் திறந்தார். மேலே மரத்தைப் பார்த்தார். வெட்டின இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து முதல் வார்த்தை வந்தது.

“எவன்லே எம்மரத்த வெட்டுனது?”

அவர் கண் மனைவி பக்கம் திரும்பியது. “ஏட்டி, எதுக்கு எழவு வீடு மாதிரி உக்காந்துருக்க? மாட்டுக்குத் தண்ணி வச்சியா?”

“வஞ்சுட்டாவ!” என்று கத்தினார் பேச்சியம்மாள். “சார், என்னைய வஞ்சுட்டாவ! ஆத்தா, எம்புருசன் வந்துட்டாவ!” என்று அழுதுகொண்டே சிரித்தார். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோசப்பட்ட ஒரு ஆளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. என் முகமூடியைக் கழற்றாமலே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மெம்பர் மட்டும் பெருமூச்சு விட்டார். “வரப்பு போச்சு” என்றார்.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, மூளைக்குச் சேதம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச நாள் கழித்து முத்தையா நிலையத்துக்கு வந்தார். கையில் பால்கோவா பொட்டலம். எங்கள் நிலையத்தில் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கால் கிலோ. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னை வண்டி நிற்கிற பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

“சார், ஊர்ல எல்லாவனும் என்னையப் பாத்துச் சிரிக்கான். மெம்பரு போன்ல என்னமோ வச்சிருக்கான், நான் பாக்கமாட்டேன்னுட்டேன். எனக்குக் கெணத்துல எறங்குனது ஞாபகம் இருக்கு, மரத்தடியில முழிச்சது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமில்ல. உள்ள என்ன சொன்னேன்? நெசத்தச் சொல்லுங்க.”

சொன்னேன். மாமரத்தைத் தம்பிக்குக் கொடுத்ததைச் சொன்னேன். புளிக்குழம்பையும் சொன்னேன். மரத்துக்குக் கூட அவ்வளவு அதிரவில்லை, குழம்புக்குத்தான் அதிர்ந்தார்.

“மூளைக்குக் காத்தில்லாம பேசுனது செல்லுமா சார்?”

“செல்லாதுய்யா. அப்ப நீங்க நீங்களே இல்ல.”

“அப்படிச் சொல்லுங்க!” அவருக்குப் பெரிய நிம்மதி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். திரும்பி வந்தார்.

“என் சத்தம் நின்னதும் இசக்கி உள்ள எறங்கப் போனானாமே. அது நெசமா?”

“நெசம். ஒரு கால உள்ள போட்டுட்டாரு. நான்தான் பிடிச்சு நிறுத்துனேன்.”

அவர் நம் வண்டியின் சக்கரத்தைக் காலால் லேசாகத் தட்டினார்.

“அவன் மேலதான சார் நின்னான்?”

“ஆமா.”

“மேல காத்து நல்லா இருந்துச்சுல்ல?”

“நல்லாவே இருந்துச்சுய்யா” என்றேன்.

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். வரும்போது இருந்த வேகம் போகும்போது இல்லை.

வைகாசியில் ஒருநாள் மறுபடியும் வந்தார். ஒரு மஞ்சள் பை நிறைய மாம்பழம். அறைக்குள் வந்ததும் வாசனை தூக்கியது. மேசை மேல் வைத்தார்.

“உங்க மரத்துப் பழமாய்யா?” என்று கேட்டேன்.

“தம்பி மரத்துப் பழம்” என்றார்.

தம்பி தங்கைகளே, பழக்கதோசம் யாரை விட்டது? நான் சட்டென்று அவர் உதட்டைப் பார்த்தேன். அப்புறம் நகத்தைப் பார்த்தேன். இரண்டும் நல்ல சிவப்பு. மூச்சைக் கவனித்தேன். இளைப்பு இல்லை, நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் முப்பது வருசத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவனுக்கு அவ்வளவு சுலபத்தில் சந்தேகம் தீராது. பக்கத்தில் பேச்சியம்மாள் இருந்தால் கேட்டிருப்பேன். அவர் இல்லை. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முத்தையா மேசைப் பக்கம் கையை நீட்டினார்.

“பழத்தக் கொட்டிக்கிட்டுப் பையக் குடுங்க சார். பை என்ன சும்மாவா வருது?”

பையைக் கொடுத்தேன். மனிதர் முழு நினைவோடுதான் இருந்தார்.